விமானப் பொறியியல்: டிப்ளமாவா, பட்டமா?

ஈசூன் மலர்:
மகன் இந்த வருடம் ஓ நிலை எழுதுகிறான். விமானத்தைப் பழுதுபார்த்து, பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் வேலைதான் வேண்டுமாம். பலதுறைத் தொழிற்கல்லூரியா, தொடக்கக்கல்லூரி வழியாக நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா?

சிலேத்தார் குமார்:
அக்கா, கையெழுத்துதான் குறி என்றால் டிப்ளமாவே நேர்வழி. பட்டம் வடிவமைப்பு, திட்டமிடல் பக்கம் கொண்டுபோகும். கையெழுத்துப் போடும் உரிமம் கையோடு வராது. உரிமம் தருவது சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். அந்த உரிமத்துக்கான எஸ்ஏஆர்-66 தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 75% எடுக்கவேண்டும். இஞ்சின், உடற்பகுதிக்கு பி1 உரிமம், ஏவியானிக்ஸுக்கு (விமான மின்னணுக் கருவிகளுக்கு) பி2. தேர்வு மட்டும் போதாது. செய்த வேலைகளைப் பதிவேட்டில் ஏற்றி அனுபவத்தைக் காட்டவேண்டும். பிறகு ஏ320, 737 என்று விமான ரகத்துக்கு ரகம் தனிப் பயிற்சி. பொறுமை இல்லாத பிள்ளைக்கு இது ஒத்துவராது!

லோயாங் பாலா:
கணக்கை எப்படியும் தேற்றிவிடலாம். பட்டறையில்தான் உண்மை தெரியும். டார்க் ரெஞ்சில் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி) நேர்க்கோட்டில் நீட்டிப்பு மாட்டினால் அளவைக் குறைத்து வைக்கவேண்டும். ரெஞ்ச் 10 அங்குலம், நீட்டிப்பு 2 அங்குலம், தேவையான இறுக்கம் 300 அங்குல-பவுண்டு என்றால் 300×10÷12, அதாவது 250. மறந்து 300-லேயே வைத்தால் போல்ட்டில் 360 ஏறிவிடும். போல்ட் தளராமல் கட்டும் கம்பியான லாக்வயரும் அப்படித்தான்: போல்ட்டை இறுக்கும் திசையில் இழுக்கவேண்டும். எதிர்த்திசையில் கட்டினால் கட்டியும் பயனில்லை.

மலர்:
நன்றி தம்பி. கண் பரிசோதனை உண்டா?

சிலேத்தார் குமார்:
நிறப்பார்வையை இப்போதே சோதித்துவிடுங்கள். வயர், விளக்கு எல்லாமே நிறத்தை நம்பியவை. சேர்க்கை விதியையும் ஒவ்வொரு கல்லூரியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.