ஆங்கிலம் பேசுகிற தேசத்துக்காரர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

தையற்கடை மகன்:

புதுமண்டபத்தில் எங்கள் அப்பாவுக்குக் கடை இருந்தபோது நடந்தது. தூணோரம் மெஷின் போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்ததெல்லாம் மதுரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். வந்தவர் காமரூன்காரர். கண் டாக்டர், அரவிந்தில் பயிற்சிக்கு வந்திருந்தார். பக்கத்தில் நின்ற கைடு “காமரூனா, அப்ப பிரெஞ்சுதானே” என்று பிரெஞ்சில் ஆரம்பித்துவிட்டார். டாக்டர் முகம் மாறிப்போனது. அப்பா கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, வெட்டுவதற்காக விரித்திருந்த துணி மேலேயே படம் போட்டார். பெரிய முக்கோணம், மேற்கு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு. “ஆங்கிலம் பேசுகிற இந்தத் துண்டுதான் நாங்கள். என் ஊர் பமெண்டா.”

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிடமிருந்து பிடுங்கி பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டுக்கொண்ட நாடு அது. 1961 வாக்கெடுப்பில் பிரிட்டன் பகுதியின் தெற்குப் பக்கம் காமரூனோடு சேர்ந்தது, வடக்குப் பக்கம் நைஜீரியாவோடு போனது. 2016இல் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் கோர்ட்டுகளுக்கும் பிரெஞ்சு பேசுகிற வாத்தியார்களையும் நீதிபதிகளையும் அனுப்பியதை எதிர்த்து வக்கீல்களும் வாத்தியார்களும் தெருவில் இறங்கினார்கள். அத்தனையையும் அந்தத் துணி மேல் விரலை வைத்தே சொன்னார்.

அப்பா 1965 இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனவர், படிப்பை அதோடு விட்டவர். வெட்டுத் துணியில் யாராவது கை வைத்தால் சத்தம் போடுகிற மனுஷர், அன்று கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவங்களுக்கும் இங்கிலீஷ்தான் கேடயமாடா?” என்று என்னைக் கேட்டார். டாக்டர் கொடுத்த இன்னொரு சட்டை தைத்து முடித்துத் தயாராக இருந்தது. அந்த வாரம் அவர் ஊர்ப் பக்கம் சண்டை என்று செய்தி வந்தது. சட்டை வாங்க அவர் வரவில்லை.

உசிலம்பட்டி நர்ஸ்:

அண்ணே, உங்க அப்பா கேட்டது அந்த டாக்டருக்குச் சரி. எல்லா ஊருக்கும் பொருந்தாது. நான் அயர்லாந்தில், கால்வே பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். கானமாரா கிராமத்துப் பாட்டி ஒருத்தர், பகலெல்லாம் நல்ல ஆங்கிலம் பேசுவார். ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகு ராத்திரியில் ஐரிஷ் மட்டும்தான். ஒரு நைட் டியூட்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தண்ணீரா? தலையணையா? ஜன்னலா? ஒவ்வொன்றாகக் காட்டினேன், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். கூட இருந்தது டப்ளின்காரப் பெண், பள்ளிக்கூடம் முழுக்க ஐரிஷ் படித்தவள். பாட்டியின் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். புரியவில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் முதல் ஆட்சிமொழி ஐரிஷ்தான், ஆங்கிலம் இரண்டாவது. 1831இல் வந்த அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. 1845இல் தொடங்கிய பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்குப் பக்கத்தைத்தான் கடுமையாக அடித்தது. செத்தவர்கள் போக மிச்சம் இருந்தவர்களில் நிறையப் பேர் கப்பல் ஏறினார்கள். பாட்டி என்ன கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணாநகர்வாசி:

அக்கா, அயர்லாந்தையும் நம்மையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அங்கே வீட்டுக்குள் பேசுகிற மொழியே போனது. இங்கே யாரும் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் கேட்கவில்லை. அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருந்த 15 வருடக் கெடு 1965 ஜனவரி 26உடன் முடிந்தது. அதற்கு முதல் நாள் மதுரையில்தான் மாணவர்கள் ஊர்வலத்தில் கலவரம் வெடித்தது. 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் திருத்தம் வந்த பிறகுதான் ஆங்கிலம் நீடிப்பது உறுதியானது. நமீபியாவைப் பாருங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மிகக் குறைவு, ஆனாலும் 1990இல் விடுதலை பெற்றபோது அதைத்தான் ஆட்சிமொழியாக வைத்தார்கள். ஆஃப்ரிகான்ஸ் அவர்களை ஒடுக்கியவர்களின் மொழி. தையற்கடைத் தம்பியின் அப்பா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

தெப்பக்குளத்துப் பொண்ணு:

சண்டை இருக்கட்டும், நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மாரியம்மன் கோவில் பங்குனித் திருவிழா. எங்கள் அம்மா பூக்கடைக்கு ஒரு குடும்பம் வந்தது. பார்த்தால் அசல் நம்ம ஊர் முகம், பேச்சு முழுக்க ஆங்கிலம், அதுவும் வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர்கள் பேசுகிற மாதிரி. கயானாவில் பெர்பிஸ் பக்கமாம். தென் அமெரிக்காவில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருக்கிற ஒரே நாடு அது. கரும்புத் தோட்டத்து வேலைக்கு 1838 முதல் 1917 வரை ஆள் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தக் கூட்டத்தில் மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களின் வாரிசுகள். குடும்பப் பெயரில் மட்டும் வீராசாமி ஒட்டிக்கொண்டிருந்தது.

தப்பு அடிக்க ஆரம்பித்ததும் அந்தக் குடும்பத்துப் பாட்டி பூக்கூடையை அப்படியே பேரன் கையில் திணித்துவிட்டு முன்னால் போனார். அவர்கள் ஊரிலும் மாரியம்மன் பூசைக்குத் தப்புதான் அடிக்கிறார்களாம். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். தமிழ்ப் பாட்டு! ‘மாரியம்மா’ என்பதும் ‘தாயே’ என்பதும் தெளிவாகக் கேட்டன. நடுவில் வந்த வரிகள் எனக்குப் பிடிபடவில்லை. முடிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு “நான் என்ன பாடினேன், நீ சொல்லு” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு அதற்கு அர்த்தம் தெரியாது. அம்மாவிடமிருந்து அப்படியே வந்த பாட்டாம்.

கடலோடி மேலூர்:

கப்பலில் செகண்ட் ஆபீசர் நான். சிங்கப்பூர் ஜலசந்தியில் ஒரு ராத்திரி எதிரே வந்த கப்பல்காரர் ரேடியோவில் திசையைச் சொன்னார். பதினைந்தா ஐம்பதா என்று பிரிட்ஜில் இருந்த எங்களுக்குப் பிடிபடவில்லை. எங்கள் கேப்டன் உக்ரைன்காரர், ஸ்டியரிங்கில் பிலிப்பைன்ஸ்காரர். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் அவர்கள் விளக்கு கிட்டே வந்துவிட்டது. தப்பித்தோம்.

அதனால் ஒன்று சொல்கிறேன், இங்கே வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிற பிள்ளைகள் படியுங்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கப்பல்களுக்கென்றே ஒரு ஆங்கில வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. தாய்மொழி எதுவாக இருந்தாலும் பிழையில்லாமல் புரிய வேண்டும் என்பதே நோக்கம். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும்: நூற்றைம்பது என்றால் ஒன்று, ஐந்து, சைபர். சொல்லப்போவது கேள்வியா, எச்சரிக்கையா, வேண்டுகோளா என்பதை முதலிலேயே சொல்லலாம், பிறகுதான் விஷயம். செய்யலாமோ, செய்யக்கூடுமோ என்று இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளக் கூடியதைத் தவிர்க்க வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். ஸ்டைலாகப் பேசக் கற்றுக்கொடுக்கிற சென்டருக்குப் பணம் கட்டாதீர்கள். லண்டன் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், நீங்கள் வேலை செய்யப்போவது மணிலாக்காரரோடும் லாகோஸ்காரரோடும்தான். தினம் ஒரு நாட்டு வானொலியைக் கேளுங்கள். நர்ஸ் தங்கச்சி, இதையே ஆஸ்பத்திரியிலும் செய்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

உசிலம்பட்டி நர்ஸ்:

இல்லைண்ணே. உங்கள் ரேடியோவில் இரண்டு பக்கமும் விதி படித்தவர்கள். மருந்து அளவை இன்னொரு நர்ஸிடம் சொல்லும்போது நாங்களும் திருப்பிச் சொல்லித்தான் உறுதி செய்கிறோம். வலியில் இருக்கிறவர் எந்த விதியைப் படித்துவிட்டு வருவார்? அவர் கை எங்கே போகிறது, மூச்சு எப்படி வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தத் தேசத்து ஆங்கிலமாக இருந்தாலும் அப்படித்தான்.

தெப்பக்குளத்துத் தங்கச்சி, அந்தப் பாட்டி பாடியதை யாராவது எடுத்து வைத்தீர்களா? எங்கள் ஊரில் மாரியம்மன் தாலாட்டு முழுசும் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அனுப்பினால் போட்டுக் காட்டுகிறேன்.

தெப்பக்குளத்துப் பொண்ணு:

இருக்குதுக்கா. தம்பி போனில் எடுத்தது, தப்புச் சத்தம் கொஞ்சம் அதிகம். பேரனின் நம்பரும் இருக்கிறது. ராத்திரி கடை அடைத்ததும் அனுப்புகிறேன், பெரியவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி வையுங்கள்.