முழங்கால் வலியுள்ள பெற்றோரை ரெட்வுட் காட்டுக்கு அழைத்துச் செல்ல ஏற்ற வட்டப் பாதை எது?

கேள்வி (கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரவாசி)

நண்பர்களுக்கு வணக்கம். திருச்சியிலிருந்து என் பெற்றோர் வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. சமதரையில் அரை மணி நேரம் மெதுவாக நடப்பார், ஆனால் படி ஏறுவதும் சரிவில் இறங்குவதும் அவரால் இயலாது. தள்ளுவண்டியில் வரும் இரண்டு வயது மகளும் உடன் இருப்பாள். கோயிலையும் கடைகளையும் தவிர இதுவரை எதையும் அவர்களுக்குக் காட்டவில்லை என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. ரெட்வுட் எனும் வானுயர்ந்த ஊசியிலை மரங்களுக்குப் பெயர்பெற்ற, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள ம்யூர் உட்ஸ் காட்டுக்கு வாகன நிறுத்தத்தையே முன்பதிவு செய்ய வேண்டும் என்பதாலும், பயணம் நீளம் என்பதாலும் தயங்குகிறேன். அருகில் உள்ள மாநிலப் பூங்காக்களில் இவர்கள் சிரமமின்றிச் சுற்றி வரக்கூடிய காட்டுப் பாதை ஏதேனும் உண்டா? கழிப்பறை வசதி, கட்டுச்சோறு சாப்பிட இடம் ஆகியவற்றையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மலைநடையர்)

தாங்கள் சொல்லும் நிலைமைக்கு ஃபெல்டன் ஊரை ஒட்டியுள்ள ஹென்றி கவல் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவைத் தயக்கமின்றிச் சொல்வேன். அங்குள்ள ரெட்வுட் தோப்பு வட்டப் பாதையின் மொத்த நீளம் 0.8 மைல், அதாவது ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர்தான். தரை சமமாக இருக்கும். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும். கார் நிறுத்துமிடம், கழிப்பறை, பார்வையாளர் மையம் எல்லாம் பாதையின் தொடக்கத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. சான் லொரென்சோ ஆற்றின் பக்கம் மேசைகள் போட்டிருக்கிறார்கள். புளியோதரைப் பொட்டலத்தை அங்கே பிரிக்கலாம்.

பாதையில் எண்ணிட்ட கம்பங்கள் உண்டு. விளக்கக் கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் அருகிலும் நின்று வாசித்துக் காட்டினால் அம்மாவுக்கு இடையிடையே ஓய்வும் கிடைக்கும். அங்குள்ள மிக உயர்ந்த மரம் சுமார் 277 அடி. திருவரங்கத்து ராஜகோபுரம் 236 அடி என்பதை அப்பாவிடம் முதலில் சொல்லிவிட்டு, பிறகு அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய மரத்தின் காய் நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். விதை தக்காளி விதையைப் போன்றது. கீழே கிடக்கும் காயை மகள் கையில் வைத்துப் பார்க்கட்டும், பிறகு அங்கேயே போட்டுவிடுங்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுத்து வருவதற்கு அனுமதி இல்லை.

ஒரு சொல் விளக்கம்: ரெட்வுட் என்பதைச் செம்மரம் என்று சொல்லிவிட்டால், பெற்றோர் ஆந்திரக் காட்டுச் செம்மரத்தை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு இனம், இது ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது.

தங்கள் ஊருக்குப் பெயர் தந்த ஜான் ஃப்ரீமாண்ட் என்ற நாடாய்வுப் பயணி 1846இல் இந்தத் தோப்புக்கு வந்து, தீயால் குடைவுபட்ட ஒரு மரத்தின் உள்ளே தங்கினார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. தங்கியது உண்மையோ இல்லையோ, அந்த மரம் இன்றும் நிற்கிறது. குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும் என்பதால் அம்மா வெளியிலிருந்தே பார்க்கலாம். 1867இல் வெல்ச் என்பவர் இந்த நிலத்தை வாங்கி, மரங்களை வெட்டாமல் விடுதி நடத்தியதால்தான் தோப்பு பிழைத்தது. சுற்றுவட்டாரத்தில் ஏராளமான மரங்கள் பலகைக்காகவும் சுண்ணாம்புக் காளவாய் விறகுக்காகவும் போய்விட்டன.

மறுமொழி 2 (சான் ஓசே வாசி)

மேலே சொன்ன பரிந்துரையை நானும் வழிமொழிகிறேன். ஆனால் நடையைவிடக் கார்ப் பயணம்தான் பெரியவர்களைச் சோர்வடையச் செய்கிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். 17ஆம் எண் நெடுஞ்சாலை மலையைக் கடக்கும் இடத்தில் வளைவுகள் அதிகம். என் மாமியாரை வயிறு நிறையப் பொங்கலும் வடையும் சாப்பிடவைத்துப் பின்னிருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிச் சென்றேன். பாதி வழியிலேயே குமட்டல் எடுத்து, பூங்காவில் ஒரு மணி நேரம் படுத்தே கிடந்தார். அந்தத் தவற்றைத் தாங்கள் செய்ய வேண்டாம். அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்துங்கள், இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடைக்கால வார இறுதிகளில் கடற்கரைக்குச் செல்லும் கூட்டமும் அதே சாலையில்தான் வரும் என்பதால், காலையிலேயே புறப்படுவது நல்லது.

வெளியே வெயில் காய்ந்தாலும் தோப்புக்குள் குளிராகத்தான் இருக்கும். கம்பளிச் சட்டையும் அம்மாவுக்கு ஒரு சால்வையும் அவசியம். கைப்பேசி இணைப்பை நம்பாமல், வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, மூன்று மூன்று இலையாக விடும் பாய்சன் ஓக் என்ற செடி அந்தப் பக்கக் காடுகளில் உண்டு. பட்டால் நாள்கணக்கில் தோல் அரிக்கும். குழந்தையைப் பாதை ஓரத்துச் செடிகளைத் தொடவிடாதீர்கள்.

மறுமொழி 3 (வனவிரும்பி)

பிக் பேசின் பூங்காவிலும் இதேபோல் குட்டையான ரெட்வுட் வட்டப் பாதை இருக்கிறது. 1902இல் அமைந்த அது கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. 2020 ஆகஸ்ட்டில் மின்னலால் மூண்ட தீ அதன் பெரும்பகுதியை எரித்தது; கரிந்த அடிமரங்களிலிருந்து பச்சைத் தளிர்கள் கொத்துக் கொத்தாகத் துளிர்த்திருப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஓர் அடி வரை தடிக்கும் பட்டைதான் இம்மரங்களின் கவசம். ஆனாலும் நிழல் குறைந்துவிட்டதால், இந்த முறை தங்களுக்கு ஹென்றி கவலே ஏற்றது.

ஒரே ஒரு வேண்டுகோள். வேலியைத் தாண்டி மரத்தடியில் நின்று படம் எடுக்காதீர்கள். இந்த மரங்களுக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் ஆழம் போகாமல், பக்கவாட்டில் பரவி, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டுதான் அவ்வளவு உயரத்தைத் தாங்குகின்றன. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகிப் போனால் அந்த வேர்களுக்குக் காற்றும் நீரும் கிடைப்பதில்லை. நம் குடும்பங்கள் கூட்டமாக வேலிக்குள் நின்று படம் எடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மனம் வருந்தியே இதை எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கடந்த சனிக்கிழமை சென்று வந்தோம். அம்மா முழுச் சுற்றையும் நடந்தே முடித்தார். நின்று நின்று நடந்ததில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அப்பா ராஜகோபுரக் கணக்கைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவோ தரையைத்தான் பார்த்தார். மரத்தடி முழுவதும் விரிந்திருந்த சிற்றிலைகளைக் காட்டி, "இது நம்ம புளியாரை மாதிரியே இருக்கே" என்றார். கையேட்டில் தேடினால் ரெட்வுட் சோரல் என்றிருந்தது; புளியாரையின் பேரினத்தைச் சேர்ந்ததே என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிளைகளுக்கு இடையே ஒரு துண்டு வெயில் அந்த இலைகள்மேல் விழுந்ததும், அந்த இடத்தில் மட்டும் அவை குடை மடக்கியதுபோல் கீழ்நோக்கிச் சுருங்கின. வெயில் நகர்ந்ததும் மறுபடி விரிவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அம்மா அங்கேயே நின்றுவிட்டார். இந்தச் செடி எந்த மாதத்தில் பூக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்; அவர் ஊர் திரும்புவதற்குள் இன்னொரு முறை அழைத்துப் போக வேண்டும்.

மறுமொழி 4 (மலைநடையர்)

மிக்க மகிழ்ச்சி. இளவேனிலில்தான் அதிகமாகப் பூக்கும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, ஐந்து இதழ்களில் மெல்லிய கோடுகளோடு இருக்கும். மழை பெய்த மறுநாள் செல்லுங்கள். அன்றைக்குப் பாதை ஓரங்களில் பனானா ஸ்லக் என்ற மஞ்சள் நத்தையும் வெளியே வரும். ஓடு இல்லாத, விரல் நீளத்துக்கும் மேற்பட்ட அந்த உயிரியைத் தங்கள் மகளுக்குத் தொலைவிலிருந்தே காட்டலாம்.