அப்பாவின் ஐஜிஜி 240: மைலோமா சிகிச்சையில் எதிர்ப்பொருள் குறைந்தவர்கள் பகிருங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம், மகன்:

அப்பாவுக்கு 64 வயது. மஞ்சள் வைக்கும் குடும்பம். முதுகுவலி என்று எட்டு மாதம் தைலம் தேய்த்தோம். கடைசியில் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. நான் எழுத வந்தது சிகிச்சையின் நான்காம் மாதத்தில் நடந்ததைப் பற்றி. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

முதல் பரிசோதனையில் ரத்தத்தில் மொத்தப் புரதம் 10.4. போர்ட்டெசோமிப், லெனலிடோமைடு, டெக்சாமெத்தசோன் மூன்றும் சேர்ந்த சிகிச்சையில் மூன்று சுற்று முடிந்தபோது 5.8. அன்று அம்மா பாயசம் வைத்தார். அதே தாளில் அடுத்த வரியில், கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் அடங்கிய குளோபுலின் என்ற புரதம் 1.7தான், குறைவு என்று அச்சிட்டிருந்தது. நான் பார்க்கவில்லை. அப்போது சிகிச்சை பார்த்த இடத்திலும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வாரத்தில் நிமோனியா. ஒன்பது நாள் படுக்கை. வீடு திரும்பி இருபது நாளில் மறுபடியும் நிமோனியா. இரண்டாவது முறை காய்ச்சலே இல்லை. சோற்றைத் தள்ளி வைத்தார், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பினார், அவ்வளவுதான். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அம்மாதான் "இது அசதி இல்லை, வண்டியைக் கூப்பிடு" என்று பிடிவாதமாக நின்றார். அவர் நிற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கோவையில் வேறொரு மருத்துவர் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை எதிர்ப்பொருளின் அளவையும் தனித்தனியாக எடுக்கச் சொன்னார். ஐஜிஜி டெசிலிட்டருக்கு 240 மில்லிகிராம். சாதாரணமாக 700க்கு மேல் இருக்க வேண்டியது. அப்பாவுடையது ஐஜிஏ வகை மைலோமா. எலும்பு மஜ்ஜையில் எதிர்ப்பொருள் செய்ய வேண்டிய பிளாஸ்மா செல்களே கெட்டுப்போய், பயனில்லாத ஒரே புரதத்தை மூட்டை மூட்டையாகச் செய்து தள்ளியிருக்கின்றன. 10.4 என்பது அந்தக் குப்பையின் கணக்கு. நல்ல எதிர்ப்பொருள் நோய் கண்ட நாளிலேயே குறைவாகத்தான் இருந்திருக்கும். மருந்து குப்பையை வாரியபோது மிச்சமிருந்த நல்ல செல்களுக்கும் அடி விழுந்தது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "கோரைக்கு அடித்த மருந்தில் மஞ்சளும் வாடிவிட்டது" என்றார். நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அது எனக்குத் தெளிவாக இருந்தது.

இப்போது நான்கு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஐவிஐஜி ஏற்றுகிறோம். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் அது. எடைக் கிலோவுக்கு 0.4 கிராம் என்று கணக்கிட்டு, 62 கிலோவுக்கு ஐந்து கிராம் பாட்டில் ஐந்து. விலை கடுமைதான், ஈரோடு சந்தைக்குப் போன மஞ்சளில் பாதி இதற்கே சரியாகிவிட்டது. ஏற்றியதில் பாதி மூன்று வாரத்தில் கரைந்துவிடுவதால் மாதாமாதம் போக வேண்டியிருக்கிறது.

அதைவிடக் கடினமானது சொந்தக்காரர்களிடம் "வராதீர்கள்" என்று சொல்வது. எங்கள் பக்கத்தில் நோயாளியை எட்டிப் பார்க்காவிட்டால் அது பகைக்குச் சமம். காங்கேயத்திலிருந்து பெரியம்மா சளி பிடித்த பேரனோடு, பழப்பையோடு வந்து நின்றார். வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தேன். "அண்ணன் தம்பி வீட்டில் எனக்குத் திண்ணைதானா?" என்று அழுதுவிட்டார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன், ஆனால் உள்ளே விடவில்லை. இதை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

திருப்பூர், மனைவி:

தம்பி, நானும் அழுதிருக்கிறேன். கடைசியில் மருத்துவரையே என் கொழுந்தனாரிடம் போனில் பேச வைத்தேன். அவர் சொன்ன பிறகு மற்றவர்களிடம் அவரே பேசிக்கொண்டார். வீட்டுக்கு வந்த மருமகள் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

என் கணவருக்கு முதல் ஐவிஐஜியில் அரை மணி நேரத்திலேயே குளிர் நடுக்கம், அன்று இரவு தாங்க முடியாத தலைவலி. அடுத்த முறை மிக மெதுவாகத் தொடங்கினார்கள். முந்தைய நாளே தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். நடுக்கமே இல்லை. சிறுநீரகம் பலவீனமானவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இவருக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்து லேபில் டைபாய்டுக்கான வைடால் பரிசோதனையும் டெங்கு ஐஜிஎம் பரிசோதனையும் செய்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினார்கள். அவை நோயாளியின் உடல் செய்யும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைகள். எதிர்ப்பொருளே செய்யாத உடம்பில் அது "இல்லை" என்று வந்தால் என்ன அர்த்தம்? ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுத்த பிறகுதான் டைபாய்டு என்று தெரிந்தது. லேபில் "நெகட்டிவ்" என்ற தாளைக் கொடுத்தால் நிம்மதியடைந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

கரூர், மகள்:

எல்லோருக்கும் ஐவிஐஜி தேவைப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். என் அம்மாவின் ஐஜிஜி 470. பெரிய தொற்று எதுவும் திரும்பத் திரும்ப வராததால் மருத்துவர் காத்திருக்கலாம் என்றார். 400க்குக் கீழே போனாலோ, தொற்று அடுக்கடுக்காக வந்தாலோ யோசிப்பதாகச் சொன்னார். நிமோனியா தடுப்பூசி, வருடாந்திர ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொண்டோம். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் கூடாது என்றும் எச்சரித்தார்.

எங்கள் தவறு, அக்கி வராமல் தடுக்கக் கொடுத்த அசைக்ளோவிர் மாத்திரையை "இவ்வளவு மாத்திரை எதற்கு" என்று நிறுத்தியது. ஐந்தாவது வாரம் இடுப்பைச் சுற்றி அக்கி. கொப்புளம் ஆறியும் எரிச்சல் நான்கு மாதம் நிற்கவில்லை. சேலை உரசினால்கூட அம்மா துடித்தார். அந்த மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கோபிசெட்டிபாளையம் பக்கம், மகன்:

அக்கா, அசைக்ளோவிர் எங்கள் சீட்டிலும் இருக்கிறது; படித்தவுடன் எழுந்து போய் டப்பாவைப் பார்த்தேன், மாத்திரை சரியாகக் குறைந்திருக்கிறது.

அப்பாவுக்கு அடுத்த மாதம் டாராட்டுமுமாப் என்ற இன்னொரு மைலோமா மருந்தைத் தொடங்கப் போகிறார்கள். அது நல்ல பிளாஸ்மா செல்களையும் தாக்கும் என்பதால் ஐஜிஜியை விடாமல் கவனிப்போம் என்றார் மருத்துவர். அந்த மருந்து ரத்தப் பொருத்தப் பரிசோதனையைக் குழப்பும் என்பதால், முதல் ஊசிக்கு முன்பே ரத்த வகையை முழுமையாகப் பரிசோதித்து அட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கி அம்மாவின் சுருக்குப்பையில் வைத்தாயிற்று.

நேற்று, ஐவிஐஜி ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் ஐஜிஜி 590. பெரியம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். முகக்கவசத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், பேரனை விட்டுவிட்டு.