மின்சார சைக்கிளில் பிரேக் பிடித்தும் மோட்டார் நிற்காத அனுபவம் உண்டா?

பீளமேடு சைக்கிள்:
ஆறு மாதம் ஆகிறது, அந்தத் தூக்குவாளி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. பழைய கியர் சைக்கிளில் 36 வோல்ட், 250 வாட் ஹப் கிட் (சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார்), நானே மாட்டியது. கிட்டோடு வந்த பிரேக் லீவர் என் வி-பிரேக்குக்குப் போதுமான கேபிளை இழுக்கவில்லை. பழைய லீவரையே வைத்துக்கொண்டு பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் கட்ஆஃப் ஒயரை டேப் சுற்றி விட்டுவிட்டேன். ஆக்சிலேட்டரை விட்டால் நிற்கத்தானே போகிறது என்ற நினைப்பு. க்ரூஸ் என்று ஒன்று இருப்பது மறந்தே போச்சு. ஆக்சிலேட்டரை ஒரே அளவில் சில விநாடி பிடித்தால், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் அந்த வேகத்திலேயே நின்றுகொள்ளும். அதை விடுவிக்க பிரேக் சிக்னல் வர வேண்டும், இல்லை மறுபடி முறுக்க வேண்டும். தெருமுனையில் ஒரு அம்மா பால் வாங்கிக்கொண்டு குறுக்கே வந்தார். ஆக்சிலேட்டரை விட்டாச்சு, இரண்டு பிரேக்கையும் அழுத்தியாச்சு, பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி வண்டி போகிறது. தூக்குவாளிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நின்ற பிறகும் மோட்டார் உறுமியது. "சைக்கிள்லயே இப்படியா கண்ணு?" என்றார்.

மேடவாக்கம் 26 இன்ச்:
க்ரூஸ் மேல் பழி போடாதீர்கள், டேப் சுற்றியது நீங்கள்தான். எனக்கு நேர் எதிர். நவம்பர் மழையில் பள்ளிக்கரணை பக்கம் டிஸ்ப்ளே எரிகிறது, மோட்டார் மட்டும் ஊமை. வீடு வரை மிதித்தேன். லீவர் கனெக்டருக்குள் தண்ணீர். நான் பிரேக் பிடித்தே இருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்திருக்கிறது. உதறிக் காயவைத்ததும் ஓடியது.
உங்களுக்குப் பழைய லீவர்தான் வேண்டுமென்றால் ஒட்டுகிற சென்சார் கிடைக்கிறது. லீவரில் சின்னக் காந்தம், எதிரே சென்சார், நடுவே சில மில்லிமீட்டர். ஹைட்ராலிக் பிரேக்குக்கும் அதுதான் வழி. ஆனால் கன்ட்ரோலரைப் பார்த்து வாங்குங்கள். 2 ஒயர் என்றால் வெறும் சுவிட்ச். 3 ஒயர் பெரும்பாலும் காந்தத்தை உணரும் ஹால் சென்சார், அதற்கு 5 வோல்ட் தனியாகப் போக வேண்டும். சில கன்ட்ரோலரில் 12 வோல்ட் பிரேக் லைட்டுக்கான இன்னொரு ஒயர் இருக்கும், அதில் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்று இங்கே வராதீர்கள். கனெக்டர் வாய் கீழே பார்க்கட்டும். ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மல்டிமீட்டர் மாமா:
மேடவாக்கம் தம்பி, மழையில் நின்ற வண்டி உங்களை நடக்கத்தான் வைக்கும். அறுந்த ஒயர் சொல்லவே சொல்லாது. லீவரில் உள்ள இந்த கட்ஆஃப் சுவிட்ச் சும்மா இருக்கும்போது திறந்தே இருக்கும், லீவரை இழுத்தால்தான் இணையும். ஒயர் உள்ளே அறுந்தாலும் வண்டி ஜம்மென்று ஓடும், கட்ஆஃப் மட்டும் இருக்காது. என் சைக்கிளில் ஹேண்டில்பார் திரும்பித் திரும்பி இடது லீவர் ஒயர் எப்போது விட்டதோ தெரியாது. ஒருநாள் வலது கையில் பை, இடது பிரேக்கை மட்டும் பிடித்தேன். பெடல் அசிஸ்ட்டில், அதாவது மிதிக்கும்போது மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் முறையில், மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு கணம் இழுக்குமே, அந்த ஒரு கணம் போதும். முன்னால் நின்ற ஆட்டோவின் பம்பரில் என் மட்கார்டு இன்னும் இருக்கிறது.
நான் தினமும் சோதித்தவன்தான். இரண்டு லீவரையும் சேர்த்து அழுத்தியதுதான் தப்பு. இரண்டும் ஒரே சிக்னலில் போய்ச் சேர்கின்றன, ஒன்று நன்றாக இருந்தால் மற்றதன் குறை தெரியாது. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு ஒவ்வொன்றாக அழுத்துங்கள்.

ரப்பர் பேண்ட்:
என் கதை அவமானம். மோட்டார் ஓடவில்லை என்று கன்ட்ரோலரே புதிதாக வாங்கினேன். அதுவும் ஓடவில்லை. லீவர் ஸ்பிரிங் தளர்ந்து முழுசாகத் திரும்பவில்லை, அவ்வளவுதான். கையால் வெளியே தள்ளியதும் ஓடியது.

பீளமேடு சைக்கிள்:
யோசனை கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. சென்சார் ஒட்டிவிட்டேன், தனித்தனியாகச் சோதித்தும் ஆச்சு. அந்த அம்மா மட்டும் என்னைக் கண்டால் இப்போதும் வாளியோடு சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார்.