1991-இல் எழுதிய கடன் கணக்கு: பழைய ஃபிளாப்பியைப் படிக்க வழி உண்டா?

மண்டிவீட்டுப் பையன் (கும்பகோணம்):
எனக்கு வயது 61. 1991-இல் அப்பாவின் அரிசி மண்டிக்காக டிபேஸ் 3 பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பற்றுவரவுக் கணக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம் அது. ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒரு ஃபிளாப்பி டிரைவில் டிபேஸ், இன்னொன்றில் கணக்கு. ராத்திரி கடை கட்டிய பிறகு அப்பா பேரேட்டைப் பார்த்து வாசிப்பார், நான் தட்டுவேன். அப்புறம் ஃபாக்ஸ்புரோ, ஆரக்கிள், ஜாவா என்று முப்பது வருஷம் இதே பிழைப்பு. அதில் எழுதியது எதுவும் இன்று என் கையில் இல்லை.

தை மாசம் அப்பா தவறிவிட்டார். பரணில் 5¼ அங்குல ஃபிளாப்பி நான்கு கிடைத்தன, 360 கேபி. ஒன்றில் வெள்ளையாகப் பூஞ்சை. யாராவது இப்படிப் படித்து எடுத்திருக்கிறீர்களா?

அட்டைக்காலத்து ஆள்:
தம்பி, அப்பா விஷயம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பூஞ்சை பிடித்ததை அப்படியே டிரைவில் போட்டுவிடாதீர்கள். அழுக்கு, வட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். உறையின் ஓரத்தை வெட்டி வட்டை வெளியே எடுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள்.

எனக்கு 74. பஞ்ச் கார்டில், அதாவது துளையிட்ட அட்டையில், கோபோல் மொழியில் புரோகிராம் எழுதியவன், அட்டைக்கு 80 எழுத்து. கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்போம். ஒருமுறை மாடிப்படியில் கை தவறி அறுநூறு அட்டையும் சிதறிவிட்டன. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் விடிய விடிய அடுக்கினேன். அந்தக் கட்டைப் பின்னால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன், இன்னும் ஆறவில்லை. நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

திருச்சி தங்கை:
அண்ணா, கடையில் கிடைக்கும் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் 3½ அங்குலத்துக்கானது. பழைய 5¼ டிரைவ் ஒன்றும், அதை யூஎஸ்பியில் சேர்க்க கிரீஸ்வீஸல் போர்டும் வேண்டும். டிபேஸ் கணக்கைச் சேமித்து வைக்கும் டிபிஎஃப் கோப்பு கைக்கு வந்தால், லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க்கே திறந்துவிடும்.

அதோடு நிறுத்தாமல், கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரிலும் பாருங்கள். டிபேஸில் டிலீட் கொடுத்தால் ரெக்கார்டு, அதாவது அந்தப் பதிவு, அழியாது. ஒவ்வொரு ரெக்கார்டின் முதல் பைட்டும் வெற்றிடமாக இருக்கும். டிலீட் செய்ததில் மட்டும் அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும். பேக் கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே போகும்.

மண்டிவீட்டுப் பையன்:
மூன்று வாரம் ஆயிற்று. அட்டைக்காலத்து ஐயா சொன்னபடி துடைத்தேன். பூஞ்சை பிடித்ததில்தான் கணக்கு இருந்தது. 212 ரெக்கார்டு, அதில் 31-க்கு நட்சத்திரம். ஃபிளாப்பியில் பேக் முடிய நேரமாகும் என்று நான் கொடுக்காமலே விட்டிருந்தேன்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் அப்பா சில பேரைச் சொல்லி, "இவங்களை எடுத்துடுடா" என்பார். பணம் வந்துவிட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த 31-இலும் வரவு பூஜ்யம். பூக்காரம்மா, 19920711 (1992 ஜூலை 11), பற்று 340.00, வரவு 0.00. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த வருஷம்தான் அவ புருஷன் போனான்" என்றாள்.

தங்கச்சி, நீங்கள் சொல்லாவிட்டால் இதைப் பார்த்திருக்கவே மாட்டேன். கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டேன். மிச்சம் முப்பது பேரையும் அம்மாவிடம் தினம் இரண்டு மூன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன்.