லேண்டிங் பேஜ் ரிப்போர்ட்ல ஃபார்மே இல்லாத பக்கத்துக்கு எப்படி கீ ஈவென்ட் வருது?

கேள்வி:
வணக்கம். ஜிஏ4ல (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) எங்க சைட்டோட லேண்டிங் பேஜ் ரிப்போர்ட் பாத்துட்டு இருக்கேன். ஒரு பழைய கட்டுரை மேல நிக்குது, அந்தப் பக்கத்துல ஃபார்மே கிடையாது, ஆனா கீ ஈவென்ட்ஸ்ல (முக்கியம்னு நாங்க குறிச்சு வச்ச செயல்கள்) ஃபார்ம் சப்மிட் காட்டுது. வியூஸ்ல முதல்ல இருக்குற ஹோம் பேஜ் இங்க எங்கயோ கீழ கிடக்கு. நடுவுல 'நாட் செட்'னு ஒரு வரி வேற. டேக் (பக்கத்துல போடுற ட்ராக்கிங் கோட்) ஏதாவது தப்பா போட்டிருக்கா?

பதில் 1:
டேக்கை இப்போதைக்கு தொடாதீங்க. லேண்டிங் பேஜ்ங்கிறது ஒரு செஷன்ல, அதாவது ஒரு தடவை சைட்டுக்கு வந்துட்டுப் போறதுல, ஆள் முதல்ல பாத்த பக்கம், அந்த வரில இருக்குற நம்பர் எல்லாம் அந்த செஷன் முழுசுக்கும் சேர்ந்தது. கூகுள்ல தேடி உங்க கட்டுரைக்கு வந்தாரு, படிச்சாரு, அப்புறம் காண்டாக்ட் பக்கம் போய் ஃபார்ம் நிரப்புனாருன்னா அந்த கீ ஈவென்ட் கட்டுரை வரிலதான் விழும். அதனாலதான் இந்த ரிப்போர்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், எந்த வாசல் வழியா வர்றவங்க வேலையை முடிச்சுட்டுப் போறாங்கன்னு இதுலதான் தெரியும். ஹோம் பேஜுக்கு நிறைய பேர் உள்ள வந்த பிறகு லோகோவை அமுக்கித்தான் போறாங்க, வியூ ஏறும், என்ட்ரி ஏறாது.

பதில் 2:
நாட் செட் பத்தி: செஷன்ல ஒரு பேஜ் வியூ கூட இல்லன்னா அப்படித்தான் வரும். டேபைத் திறந்து வச்சுட்டு எங்கயோ போயிட்டு 30 நிமிஷம் தாண்டி வந்து ஸ்க்ரோல் பண்றாங்கன்னு வைங்க, பழைய செஷன் முடிஞ்சு புதுசு ஆரம்பிச்சிருக்கும், ஆனா பக்கம் மறுபடி லோடு ஆகல. கொஞ்சமா இருந்தா விட்டுடுங்க. பெரிய பங்கா இருந்தா மட்டும் பேஜ் வியூ ஈவென்ட் எல்லா பக்கத்துலயும் போகுதான்னு டீபக்வியூல (ஈவென்ட் வர்றதை உடனுக்குடன் காட்டுற ஜிஏ4 பக்கம்) பாருங்க, முக்கியமா சிங்கிள் பேஜ் ஆப்னா (பக்கம் மறுபடி லோடு ஆகாமலே உள்ளடக்கம் மாறுற சைட்).

கேள்வி கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் நன்றி, இப்ப புரியுது. எங்கேஜ்மென்ட் ரேட் கம்மியா இருக்குற பக்கத்தை எல்லாம் மாத்தி எழுதணுமா?

பதில் 1:
அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. செஷன் 10 செகண்டுக்கு மேல ஓடுனாலோ, கீ ஈவென்ட் வந்தாலோ, 2 பக்கம் பாத்தாலோ எங்கேஜ்டுனு கணக்கு, அப்படிப்பட்ட செஷனோட பங்குதான் எங்கேஜ்மென்ட் ரேட், பவுன்ஸ் ரேட்ங்கிறது அதோட மறுபக்கம். ஜிஏ4க்கு முன்னாடி இருந்து 2023 ஜூலைல நின்னுபோன யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்ல ஒரே பக்கத்தை அரை மணி நேரம் படிச்சுட்டுப் போனாலும் பவுன்ஸ்தான், அதனால பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிடவே கூடாது. முதல்ல செஷன் சோர்ஸ் மீடியத்தை (எங்கேருந்து, எந்த வழியா வந்தாங்கங்கிறது) செகண்டரி டைமென்ஷனா, அதாவது பக்கத்துலயே ரெண்டாவது காலமா, போடுங்க. ஒரே பக்கம் தேடல்ல இருந்து வர்றவங்ககிட்ட நல்லா ஓடி, விளம்பரத்துல இருந்து வர்றவங்க மட்டும் உடனே கிளம்புறாங்கன்னா மாத்த வேண்டியது அனேகமா விளம்பரம்தான், பக்கம் இல்ல.

பதில் 3:
ஒண்ணு சேத்துக்கறேன், குவெரி ஸ்ட்ரிங்கோட (முகவரில கேள்விக்குறிக்குப் பின்னாடி வர்றது) வர்ற டைமென்ஷனை எடுத்தா யுடிஎம் (எந்த விளம்பரம்னு காட்ட லிங்க்ல சேக்குற குறி) ஒட்டுன ஒவ்வொரு லிங்க்கும் தனி வரியா சிதறிடும், வெறும் லேண்டிங் பேஜ் டைமென்ஷனே எடுங்க.