பாம்பன் பக்கம் ரோந்துப் படகு மறித்த அனுபவங்கள்

கடலில் ஃபாரஸ்ட்காரர்களுக்கு என்ன வேலை என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் ராமநாதபுரம் கரையில் அதை யாரும் கேட்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரைக்கும் கரையோரமாகக் கிடக்கிற 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-லேயே கடல் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள், 560 சதுர கிலோமீட்டர், அதற்குள் தண்ணீருக்கு அடியில் இருக்கிற பவளப்பாறையும் வனத்துறையின் பொறுப்புதான். அது போக மீன்வளத் துறை, மெரைன் போலீஸ், கோஸ்ட் கார்டு எல்லாரும் அதே கடலில் சுற்றுவார்கள். விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் வாங்கியதா, கரையை ஒட்டி வந்து மடி (இழுவை வலை) இழுத்ததா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கிளம்பியதா என்று பார்ப்பது மீன்வளத் துறை. வலையில் என்ன உயிர் வந்தது, தீவில் யார் இறங்கினார்கள் என்று பார்ப்பது வனத்துறை.

நான் அப்பாவோடும் சித்தப்பாவோடும் நாட்டுப்படகில் போய் வளர்ந்தவன். இப்போது வெளியூரில் வேலை என்றாலும் ஊருக்குப் போனால் கடலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. அப்படி ஒரு தடவை நண்டு வலையைக் கடலிலிருந்து இழுத்து எடுத்துக்கொண்டு வரும்போது மனோலித் தீவுக்குத் தெற்கே வனத்துறை ரோந்துப் படகு எங்களை மறித்தது. அதில் இருந்த அதிகாரி புதிதாக மாறுதலாகி வந்தவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது, படகின் விளிம்பைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. கூட வந்த வாட்சர், அதாவது வனத்துறைக் காவலாள், பக்கத்து ஊர்க்காரர். "அண்ணே, எஞ்சினை அமத்துங்க" என்றார், அவ்வளவுதான், அதட்டல் கிடையாது. ஐஸ் பெட்டி, பலகைக்கு அடியில், தண்ணீர் கேன் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வலைக் குவியலைப் பிரித்தபோது ஒரு கடல் குதிரை வாலை நூலில் சுற்றிக்கொண்டு தொங்கியது.

அதிகாரி உடனே நோட்டை எடுத்துவிட்டார். கடல் குதிரை 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டது, புலி இருக்கிற அதே அட்டவணை, குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஏழு வரைக்கும் போகலாம். சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. வாட்சர் மட்டும் அவசரப்படவில்லை. கையைக் கடல் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, சுண்டுவிரலை அந்த வால் சுருளுக்குள் நுழைத்து, ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினார். வால் நூலை விட்டதும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அப்படியே கையைத் தண்ணீருக்குள் இறக்கி, அது தானாக விடும் வரைக்கும் வைத்திருந்தார். அப்புறம்தான் அதிகாரியிடம் திரும்பி, "சார், கடத்துறவன் டப்பாவுல ஒளிச்சு வச்சிருப்பான். இது நண்டு வலையில தானா வந்து சுத்திக்கிறது" என்றார். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நோட்டை மூடினார். வலையை இழுக்கும்போதே பார்த்து அங்கேயே விட்டுவிடுங்கள், கரைக்குக் கொண்டுவந்துவிட்டால் நானே நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார். எங்கள் படகில் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

அந்த வாட்சரைப் பற்றி நான் நிறையவே யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வாட்சர்கள் எல்லாருமே மீனவக் குடும்பத்துக்காரர்கள், தற்காலிக வேலை, சொற்பச் சம்பளம். ராத்திரியில் ஒரு வத்தையை (சிறு படகை) விரட்டிப் போனால் அதில் இருப்பவன் சொந்த மச்சானாகவும் இருக்கலாம், மறுநாள் காலையில் அதே டீக்கடையில் இவர் போய் நிற்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் இவரிடம் பேச மாட்டார்கள். ஆனால் எது தெரிந்து செய்தது, எது வலையில் தானாக வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் இவர்தான். அந்தத் தீர்ப்புக்குத் தகுந்த மரியாதையும் நிரந்தர வேலையும் இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

கடல் அட்டை (கடல் வெள்ளரி) விஷயம்தான் எங்கள் பக்கம் பெரிய புண். அதுவும் அதே 2001-இல்தான் அட்டவணைக்குப் போனது, அதற்கு முன்னால் கடலில் மூழ்கி எடுத்து, குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, மறுபடி அவித்துக் காயவைத்து விற்பது ஊரறிந்த தொழில். தடை வந்தபின் நாற்பது வயது ஆளைத் திடீரென்று வேறு வேலைக்குப் போ என்றால் எங்கே போவான்? இலங்கையில் உரிமம் இருந்தால் எடுக்கலாம், பண்ணை வைத்து வளர்க்கவும் செய்கிறார்கள், அதனால் இங்கிருந்து கடத்திக் கொண்டுபோய் அந்தச் சரக்கோடு சேர்த்துவிடுவது சுலபம். எங்கள் தெருவில் ஒருவர் ஒரு வாளி அட்டையோடு பிடிபட்டு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார், அவரை மூழ்கச் சொல்லிக் காசு கொடுத்த வியாபாரியின் பெயர் வழக்கில் வரவே இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான். அட்டை மண்ணைத் தின்று அதிலுள்ள அழுக்கைச் செரித்துச் சுத்தமான மண்ணை வெளியே விடுகிற உயிர், அது போனால் கடலின் தரையே கெட்டுப்போகும், அதனால் தடை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூழ்குகிறவனைப் பிடிக்கிற கை வாங்குகிறவனையும் பிடிக்கட்டும். வெள்ளை அட்டைக் குஞ்சுகளைத் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே பொரிக்க வைத்துக் காட்டியது, அந்த அறிவு இங்கே கரையில் ஒருவருக்கும் சோறு போடவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சின்னம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கட்டைக்கோரை என்று பாசி வகைகள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முழு ஆளும் மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்க வேண்டும். ஒரு காலத்தில் தீவுப் பக்கம் போனாலே வனத்துறைக்காரர்கள் சாக்கோடு பிடுங்கிக்கொள்வார்கள், வத்தையைக் கரையில் கட்டிப்போடுவார்கள், பெண்கள் அழுது நிற்பார்கள். பிறகு பெண்கள் சங்கமாகச் சேர்ந்து பேசி, மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்போம், பவளப்பாறையைத் தொட மாட்டோம், தடைக்காலத்தில் போக மாட்டோம் என்று அவர்களாகவே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத அந்த ஒப்பந்தத்தை நல்ல ரேஞ்சர்கள் மதித்தார்கள், சிலர் மாறி வந்ததும் முதலிலிருந்து தொடங்குவார்கள். "ஆளு மாறுனா சட்டமும் மாறுமா தம்பி?" என்று சின்னம்மா ஒருமுறை கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

வடக்கே பாக் நீரிணைப் பக்கம் நல்ல மாற்றம் ஒன்றைப் பார்த்தேன். ஆவுளியா, அதுதான் கடல் பசு, அதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். சேதுபாவாசத்திரம் பக்கத்தில் இருக்கிற என் மச்சான் சொல்வார், முன்பெல்லாம் வலையில் ஆவுளியா மாட்டினால் தகவல் சொல்லவே பயம், சொன்னவனையே ஆபீசுக்கு வரச்சொல்லி எழுதி வாங்குவார்கள், அதனால் சத்தமில்லாமல் முடித்துவிடுவார்கள். இப்போது உயிரோடு விட்டுவிட்டு செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினால் அழைத்துப் பாராட்டி ஊக்கத்தொகையும் தருகிறார்கள். அது மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டிய உயிர், வலையில் சிக்கினால் நேரம் கடத்த முடியாது, வலையை அறுத்துத்தான் விட வேண்டும். மச்சான் கூட்டாளிகள் ஒரு குட்டியை அப்படி விட்டபோது வலை முழுக்கப் பாழ். ஆனாலும் அந்த வீடியோவை அவர் எல்லாரிடமும் காட்டுகிறார்.

கடலில் மறித்தால் நான் கண்டவரை உதவுவது இதுதான்: மீனவர் அடையாள அட்டையும் படகுப் பதிவுத் தாளும் பிளாஸ்டிக் உறையில் படகிலேயே இருக்கட்டும், எஞ்சினை அணைத்துவிடுங்கள், அவர்கள் கேட்பதற்கு முன்னால் வலையைப் பிரித்துக் காட்டுங்கள். எதையாவது பறிமுதல் செய்தால் என்ன, எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு, காரைச்சல்லி வட்டாரத்தில் எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கே தொழில் பார்க்கிறவர்கள் யாராவது எழுதுங்கள். சங்கு குளிக்கிறவர்கள் சொன்னால் இன்னும் நல்லது, அவர்கள் படும் பாட்டை நான் கேள்விப்பட்டதோடு சரி.